பொங்கி வழிந்த டீ

சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு பற்றவைப்பதில்லை. ரைஹானாவின் கணவர் ஷவுகத் அலி மவுத்தானதிலிருந்து கரையான்சாவடிச் சொந்தக்காரர்கள்தான் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் ரைஹானா முதல்முறையாகச் சமையலறைக்குள் வந்தபோது, கேஸ் அடுப்பின் கண்ணாடிமேல் டீ பொங்கி வழிந்து காய்ந்திருந்தது.

விடிகாலையில் தானே சக்கரை இல்லாத டீ போட்டுக் குடிப்பவர் அவர். ஒருநாளும் பொங்கவிடாமல் இறக்கியதில்லை. ரைஹானா திட்டிக்கொண்டே துடைப்பாள். மூன்று நாளாக வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனவளுக்கு இன்று திட்டக்கூடத் தெம்பில்லை. கம்பி நார் போட்டால் கண்ணாடி கீறிவிடும். சமையல் சோடாவைத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஈரத்துணியை மேலே போர்த்தி ஊறவிட்டாள்.

“அடுப்ப யாரு பத்த வெச்சது?” என்று நாத்தனார் அஷ்ரஃபுன்னிசாவிடம் கேட்டாள்.

“எப்டி பத்தும்? சிலிண்டரத்தான் அன்னிக்கே கயட்டி வெளிய வெச்சிட்டனே!”

ரைஹானா துணியை எடுத்தாள். கை பொறுக்காத சூடு.

மகள் ஜோயா காலி டம்ளரைத் தொட்டியில் போட வந்தாள்.

“நேத்து பேசாம குடிச்சிட்டேம்மா. இன்னிக்கும் டீல சக்கரையே போடலியே?”