குழலை ஆர் துடைத்தது?

மரியரஞ்சனி தூசித் துணியோடு இரும்புப் பெட்டகத்தை நெருங்கியதும், கிளெமென்ற் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். உள்ளே இருக்கும் துவக்கின் குழலைத் துடைக்கக் கூடாது என்று மனைவிக்கு ஆயிரம் தரம் சொல்லியாயிற்று. பெட்டகத் திறப்பு அவனுடைய காற்சட்டைப் பைக்குள்தான் கிடந்தது. ஆனாலும் வெஸ்ட்லி என்ற ஊரில் இருந்த அந்த வீட்டில் அவளுக்குத் தப்பி ஊத்தை பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தத் தடை வருமுன், கோடை முழுவதும், தானே வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தான். மருந்தின் அளவை மாற்றும்போதெல்லாம் குழலைப் பளபளவென்று துடைப்பான். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவன் வேறென்ன செய்வான்? ஒவ்வொரு தடவையும் முதற்சூடு குறியிலிருந்து நாலு விரல் விலகியது, மற்றவை ஒன்றாக விழுந்தன. பாவம், மருந்துதான் திட்டு வாங்கியது.

எல்க் மான் வேட்டைக் குழுவின் தலைவர் ஆன்ட்ரியாஸ்தான் கண்ணைத் திறந்தார். துடைத்த குழலின் முதற்சூட்டை நம்பக் கூடாது, துடைக்காமல் சுடு என்றார். அப்படியே செய்தான், மூன்று சன்னமும் ஒரு கோப்பித் தட்டளவுக்குள் விழுந்தன. சனிக்கிழமையும் அப்படிச் சுட்டுக் காட்டினால், குழுவில் இருக்கும் ஒரே வெற்றிடம் அவனுக்கு. பத்து வருட ஆசை அது.

வெள்ளி பின்னேரம் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, கனடாவில் இருக்கும் மச்சான் ஜெயரத்தினத்துக்கு ஊத்தைக் குழலின் அருமை பெருமைகளை ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் விளக்கினான். மச்சான் ஓம் ஓம் என்று கொட்டாவி விட்டான். பிறகு கிளெமென்ற் துவக்கைப் பூட்டி வைத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

சனிக்கிழமை முதற்சூடு நாலு விரல் விலகியது. ஆன்ட்ரியாஸ் குழலுக்குள் பார்த்தார், கண்ணாடி போல இருக்கிறதே என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தோளில் தட்டினார். கிளெமென்றுக்கு அழுகை வந்தது.

சப்பாத்தோடேயே வீட்டுக்குள் நுழைந்தான்.

"என்ரை பையிலை இருந்த திறப்பை எப்ப எடுத்தனீர்? ஏன் துடைச்சனீர்?"

மரியரஞ்சனி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நேற்று மச்சானோடை கதைச்சுக் கதைச்சு நீங்கள்தானே துடைச்சனீங்கள்."