புள்ளிக் கெண்டை

எண்பத்தொன்பதாவது நாளும் கெண்டை உயிரோடு இருந்தது.

இரவு டூட்டி முடிந்து வந்த மாசிலாமணி, சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டியின் முன் குந்தினார். வாலடியில் கறுப்புப் புள்ளியோடு, விரல் நீளத்துக்கு ஒரே ஒரு மீன் பாசிக் கொத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எழுந்துபோய்ச் சுவர்க் காலண்டரில் ஒரு கோடு கிழித்தார்.

விழுப்புரம் ஜங்ஷனில் அவர் ரயில்களுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். சண்டைக் காலம், பட்டாள ரயில்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. மார்கழியில் ஆறு வயது மகள் ஜெயத்தைக் காய்ச்சல் கொண்டுபோனது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே டூட்டிக்குப் போனவர் அவர். அழவில்லை. சாப்பாட்டில் உப்பு, உறைப்பு தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குக் கவலையெல்லாம் மனைவி பொன்னியைப் பற்றித்தான். மூன்று நாள் அழுதாள். பிறகு பேச்சையே விட்டுவிட்டாள். கண்ணெதிரே ஓர் உயிர் வளர்ந்தால் மனசு திரும்பும் என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னார்.

அந்தச் சமயத்தில் போத்தனூருக்கு மாற்றலான ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர், தன் மீன் தொட்டியை மாசிலாமணியிடம் கொடுத்து, வளர்க்கும் விதத்தையும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே ஆற்று மணலை, தண்ணீர் தெளியும் வரை அலசிப் போட்டார் மாசிலாமணி. கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினார். வேலம்பாசியை மணலில் ஊன்றி, வெயில் நேரே படாத சுவரோரம் தொட்டியை வைத்தார். கடைசியாகத்தான் ஏரியில் பிடித்த கெண்டையை விட்டார். வாரத்துக்கு ஒரு தரம், கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினார்.

ஒன்றில் மட்டும் சொல் மீறினார். இரை ஒரு சிட்டிகை போதும் என்பது டிரைவரின் கண்டிப்பு. ஆனால் ஜெயம் கடைசி ஐந்து நாளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மாசிலாமணி சோற்றை நசுக்கி நசுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பொன்னி தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. சில காலைகளில் அவர் வரும்போது அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும்; பாதத்தில் களிமண் அப்பியிருக்கும். கிணற்றடி சேறாகிவிட்டது போல, பலகை போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் மீன் இளைத்துவிட்டதாகப் பட்டது. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்டார்.

சித்திரை பிறந்ததும் திண்டிவனத்திலிருந்து பொன்னியின் அண்ணன் பச்சைமுத்து வந்தான். தங்கையைக் கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். பொன்னி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மாசிலாமணிக்குச் சற்றே நிம்மதி. பார்க்காதது போல இருந்தாலும், மீன் அவளை வீட்டோடு பிடித்து வைத்துவிட்டது.

தொண்ணூறாவது நாள் காலையில் கெண்டை மேலே மிதந்தது. வெளுத்த வயிறு கூரையைப் பார்த்திருந்தது.

மாசிலாமணி அதை உள்ளங்கையில் எடுத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. நாலு மாதமாக வராத அழுகை, சுவரில் சாய்ந்து உட்காரும்படி ஆளைத் தள்ளிவிட்டது.

"மூணு மாசமா பொத்திப் பொத்திப் பாத்துக்கினேன், பொன்னி. என் கையில எதுவும் தங்காது."

பொன்னி அடுப்படியிலிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மீனை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். உதடு இரண்டு தரம் அசைந்த பிறகே குரல் வந்தது.

"இது பதினோராவது மீனுங்க. ஏரி வத்திப்போச்சி."