மடியில் மகள்

மகளைத் தகப்பன் மடியில் உட்காரவைத்துத் தாலி கட்டுவது கரடிகளின் வழக்கம். ஆறு மாதமாகச் சிறுநீர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருந்தாலும், அந்த மடியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை கிழக் கரடியார். கல்யாணத்துக்கு முதல் நாள் கொக்கின் மருந்துக்கடைக்குப் போனார்.

“டயப்பர் குடு. இருக்கறதுலயே பெரிய சைஸ்.”

கொக்கு இஞ்ச் டேப்பை எடுத்தது. “இடுப்பு எவ்வளவு, பெரியவரே?”

“பாத்தா தெரியல? நான் கரடி.”

“போன வருஷத்துக் கரடி. இப்ப பெருசு போட்டா தொடை வழியா ஒழுகிடும். சைஸ் இடுப்புக்குத்தான். எவ்வளவு தாங்கும்னு பாக்க, கவர்ல போட்டிருக்கிற நீலத் துளிய எண்ணணும்.”

தான் இளைத்துப்போனதை அளந்து பார்க்க அவர் இதுவரை யாரையும் விட்டதில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினார்.

“மீடியம்” என்றது கொக்கு, மெல்ல.

“துளி?”

“ஆறு. அதுக்கு மேல கிடையாது.”

“அதையே குடு.”

முகூர்த்த நேரத்தில், அப்பாவின் கஷ்டம் தெரிந்த மகள் மடியின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள்.

“என்னப்பா, சரசரன்னு சத்தம்?”

“புது வேட்டிம்மா” என்றார் கரடியார். “நல்லா சாஞ்சு உக்காரு.”