தள்ளு ஸ்டார்ட்

பொன்னேரியில் வாடகைக் கார் ஓட்டிய துளசிராமன் ரிப்பேருக்குக் கைக்காசு செலவழிக்க மாட்டான். விடிந்தால் பேட்டரி செத்திருக்கும். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொள்ள, மனைவி சின்னப்பொண்ணு தெருவே பார்க்கப் பின்னாலிருந்து தள்ளுவாள். கார் வேகமெடுத்ததும், "கிளச்ச உடுய்யா!" என்று மூச்சிரைக்கக் கத்துவாள்.

அவள் செத்துக் காரியமும் முடிந்த பிறகுதான் அவன் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தான். டிக்கியை மூடினாலும் உள்விளக்கு அணையவில்லை. அவள் தினமும் கைவைத்துத் தள்ளிய இடத்துக்குள்ளேயே ராத்திரி முழுக்க அது எரிந்திருக்கிறது. அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டான். அவ்வளவுதான் வேலை. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை ஏறி உட்கார்ந்ததும் கார் தானாக நகர்ந்தது.

"கிளச்ச உடுய்யா!"

கண்ணாடியில் பின்னால் பார்க்க அவனுக்கு முகமில்லை. தலை குனிந்தபடியே கிளச்சை விட்டான். என்ஜின் பிடித்துக்கொண்டது.

சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.