சுவருக்கு அந்தப் பக்கம்

"நம்ம தெருவைப் பத்தி இப்படி ஒரு பொய்யைச் சொன்னது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

வேன் இன்னும் தருமபுரி தியேட்டர் வாசலை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் சசிகலா ஆரம்பித்துவிட்டாள்.

சினிமாக்காரர்கள் போன வருஷம் ஏரியூர்ப் பக்கம் வந்து, இவர்கள் தெருவிலேயே தங்கிப் படம் எடுத்தார்கள். ஊரடங்கு சமயத்தில் பெங்களூரில் கட்டட வேலையெல்லாம் நின்றுபோய், ஆம்பளைகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்களே, அந்தக் கதை. படம் முடிந்ததும் தெரு ஜனத்துக்கு வேன் வைத்துக் கூட்டிவந்து இலவசமாகக் காட்டினார்கள்.

இடைவேளை வரைக்கும் சசிகலாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பார்த்தாள். அப்புறம் வந்தது அந்தக் காட்சி.

ஒருத்தி அடுப்பில் குண்டானை ஏற்றுகிறாள். உள்ளே வெறும் தண்ணீர். ஒரு பிடி ராகி மாவுகூட இல்லை. ஆனாலும் கோலை எடுத்து, களி கிண்டுவதுபோல டொக்கு டொக்கென்று குண்டானில் இடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டுமாம். இங்கேயும் களி வேகிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். சசிகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஏனென்றால் அது அவள் வீட்டுச் சங்கதி. ரேஷன் அரிசி தீர்ந்துபோன நாட்களில் அவள் கிண்டிய களி அது. புருஷன் முருகனையும் மகள் காவியாவையும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பட்டினியைக்கூட மறந்துவிட்டாள். அதை வெளியே தெரியாமல் மறைத்ததைத்தான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது காவியாவுக்குக் கடத்தூரில் இடம் அமைந்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். நல்ல வசதியான குடும்பம். "வெறும் தண்ணியைக் கிண்டின வூடா?" என்று அவர்கள் வாயில் வந்துவிட்டால் என்ன ஆவது? வேனில் பேசுவது வேன் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே கடத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

என் வீட்டுக் கதை என்று சொல்லிச் சண்டை போடவும் முடியாது. அதனால் தெருவின் மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கஷ்டப்பட்டோம், இல்லேங்கல. அதுக்காக வெறும் குண்டானைக் கிண்டற அளவுக்கா நாம கேவலமாப் போயிட்டோம்? ஏன் தீர்த்தம்மாக்கா, நீங்க சொல்லுங்க. அந்த டைரக்டரு உங்க வூட்லதான மணிக்கணக்கா உக்காந்திருந்தாரு?"

ஜன்னலோரம் இருந்த தீர்த்தம்மாள் சசிகலாவுக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"ஆமா சசி. நான்தான் சொன்னேன்" என்றாள் தீர்த்தம்மாள்.

அவ்வளவுதான். சசிகலாவின் பேச்சிலிருந்த மரியாதை பறந்தது.

"பாத்தீங்களா எல்லாரும்? நல்லவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு! அடுத்தவ அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பாத்து, அதை ஊருக்கே படம் போட்டுக் காட்டறியே, இதெல்லாம் ஒரு பொழப்பா?"

தீர்த்தம்மாள் திகைத்துப்போய்த் திரும்பினாள்.

"அடுத்தவ அடுப்பா? நான் என் அடுப்பைத்தான சொன்னேன்."

முன் சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப எங்க வூட்ல மாவு இல்ல சசி. செவுத்துக்கு அந்தப் பக்கம் உன் வூட்ல களி கிண்டற சத்தம் கேக்கும். என் வூடு சத்தமில்லாம கெடந்தா, பாவம்னு நீ ஒரு உருண்டை கொண்டாந்து குடுத்துருவியோன்னு கூச்சமா இருந்துச்சு. அதான் தண்ணிய வெச்சு நானும் கிண்டுனேன். பொய் இல்லம்மா. என் புள்ளைங்களக் கேளு."

பின் சீட்டிலிருந்து குள்ளம்மாள் எழுந்தே விட்டாள்.

"அடிப்பாவி சசி! செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ளைங்க பட்டினி கெடந்திருக்கு, நீ இந்தப் பக்கம் வேளா வேளைக்குக் களி கிண்டித் தின்னியா? அதுங்க எளைச்சுத் துரும்பாக் கெடந்தது உன் கண்ணுல படல? இதுல மானத்தைப் பத்திப் பேச வந்துட்டா!"

"மனுசியா இவ?" என்றது முன் சீட்டு.

"ஒரு உருண்டை குடுக்க மனசு வரல. படத்தைக் குத்தம் சொல்ல மட்டும் வாய் வருது."

யார் யாரோ பேசினார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"விடுங்க, அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று தீர்த்தம்மாள்தான் குறுக்கே வந்தாள். "நான் மறைச்சதுக்கு அவ என்ன பண்ணுவா?"

பக்கத்தில் இருந்த காவியா அம்மாவின் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் கண்ணில் வெள்ளிக்கிழமை தெரிந்தது.

சசிகலாவுக்கும் புரியாமலில்லை. "ஆமாங்கக்கா, தெரியாமப் போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லித் தலையைக் குனிந்துகொண்டால் போதும். நாலு நாளைக்குத் திட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். கல்லு மனசுக்காரி என்ற பெயரோடு கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும். கல்நெஞ்சக்காரி வீட்டில் பெண் எடுக்க யாரும் யோசிப்பதில்லை.

அவள் மகளின் கையை மெல்ல விலக்கினாள். எழுந்து போய், தீர்த்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"எங்க குண்டான்லயும் தண்ணிதாங்கக்கா. உங்க வூட்டுச் சத்தம் கேட்டுத்தான் நானே ஆரம்பிச்சேன்."