ஆறாவது புள்ளி

"ஒரே ஒரு வரி போதும் மேடம். துருவ ஒளியைப் பத்தி ஒரு வரி சேர்த்துடுங்க. பக்கம் அச்சுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கில்ல?"

மேஜைமேல் கிடந்த கைபேசியை நோக்கிக் குனிந்தபடி கெஞ்சினான் டோர்லைஃப். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தை ஒட்டிய அந்த அலுவலகத்துக்கு அவன்தான் முதலாளி. 'கோடரிக் கடல்' என்ற வைக்கிங் சண்டை வீடியோ கேமை உருவாக்கியவன். அதன் வானத்தில் அலையாடும் துருவ ஒளியை மூன்று வருடம் தன் கையாலேயே வரைந்தவன்.

தகவல் பிழை இருந்தால் சொல்லச் சொல்லி, நாளைய விமர்சனத்தைப் பத்திரிகை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. தலைப்புக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு பகடைப் படம். ஆறு புள்ளி என்றால் உச்சம். இதில் ஐந்து.

எதிரே எய்வின் நின்றிருந்தான். விளையாட்டின் சத்தமெல்லாம் அவன் வேலை. ஒலிக்கூடத்தின் சாவியை ஒப்படைக்க வந்தவன், அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தான். 'அடுத்த பாகத்துக்கு ஓவியர்கள்தான் வேணும். சத்தத்தை ரெடிமேடா வாங்கிக்கலாம்' என்று நேற்றுத்தான் டோர்லைஃப் சொல்லியிருந்தான். பதினோரு வருட வேலை, வெள்ளிக்கிழமையோடு சரி.

"தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தறேன்" என்றது விமர்சகர் குன்வோரின் குரல். "நான் எழுதாததை எழுதச் சொல்லாதீங்க."

"எங்க பெரிய பலத்தையே விட்டுட்டீங்களே மேடம்."

"பலத்தைத்தானே முதல் பாதி முழுக்க எழுதியிருக்கேன்? கோடரி மரக்கேடயத்துல இறங்கினா ஒரு சத்தம், இரும்புல பட்டா வேற சத்தம். பனிப்பாளம் உடையறதுக்கு முன்னாடி அடியில தண்ணி முனகுது. எதிரி வெட்டறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்கறான். அந்த ஒரு நொடி போதும், நான் விலகிடுவேன். இவ்வளவு நேர்மையான சண்டையை நான் ஆடினதே இல்ல."

எய்வின் நிமிர்ந்தான். அந்த மூச்சு அவனுடையது. அதைப் பதிவு செய்ய ஃப்ளோயன் குன்றின் மேல் எட்டுத் தடவை ஓடி ஏறியிருக்கிறான்.

"ஆனா ஒரே பூதம் நாலு இடத்துல வேற வேற பேர்ல வருது. பேரை மாத்தினீங்க, உறுமலை மாத்தலையே?"

டோர்லைஃப் வெற்றிப் பார்வை பார்த்தான். எய்வின் அசரவில்லை. "நாலு உறுமல் குடுத்தேன்ப்பா. மூணை வெட்டினது நீ."

"அப்புறம் கதாநாயகனோட அந்தத் தம்பி" என்று தொடர்ந்தாள் குன்வோர். "ஈட்டி குத்தி விழுந்தவன் அஞ்சு நிமிஷம் சொற்பொழிவு ஆத்தறான். சீக்கிரம் போய்ச் சேரமாட்டானான்னு ஆயிடுச்சு. ஆயுதப் பட்டியல் அதைவிட மோசம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது."

"எழுத்து சின்னதா இருக்கோ? பெரிசாக்கிடறோம்."

"எவ்வளவு பெரிசாப் போட்டாலும் என் கதை அதேதான்."

டோர்லைஃப் கைபேசியைக் கையால் மூடினான். "ரசனையே இல்லாத அம்மாவா இருக்காங்கப்பா."

"ஒளி தோணும்போது மெல்லிசா ஒரு படபடக்கற சத்தம் வைக்கறேன்னு கெஞ்சினேனே. அப்பவாவது அண்ணாந்து பாத்திருப்பாங்க."

"வெளிச்சத்துக்கு எதுக்குய்யா சத்தம்? ஆடறவங்கள்ல பாதிப்பேர் சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டுத்தான் ஆடறாங்க."

கையை எடுத்தான். மூன்று நிமிடம் பாக்கி.

"மேடம், கடைசியா ஒண்ணு. பதினெட்டு நாள் ஆடியிருக்கீங்க. ஒரு தடவைகூடவா எங்க வானம் உங்களை நிறுத்தல?"



"கடைசிச் சண்டை வரைக்கும் நானேதான் ஆடி ஜெயிச்சேன் சார். ஒரு வெட்டுக்கூட வேற யாரும் எனக்காகப் போடல." அவள் குரலில் ஒரு மிடுக்கு. "இதை எழுதினா, படிக்கறவங்க ஆட்டத்தை விட்டுட்டு என்மேல பரிதாபப்படுவாங்க. அதனாலதான் எழுதல. எனக்குப் பிறவியிலேருந்தே பார்வை இல்ல. உங்க வெளிச்சத்துக்கு ஒரு சின்ன சத்தம் இருந்திருந்தா, ஆறு போட்டிருப்பேன்."

டோர்லைஃப் மேஜைமேல் கிடந்த ஒலிக்கூடச் சாவியை எய்வின் பக்கமாக நகர்த்தினான்.