ராசு சொன்ன இடம்

"ஆயுதம் கெடைக்காம இந்தக் கேஸை முடிக்க முடியாது சார். அதுவரைக்கும் உங்க மேலயும் சந்தேகம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணகி.

கல்வராயன் மலையில் இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஜீவா, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிலைகளைக் கணக்கெடுக்க வந்திருந்த பிரிட்டோ, திங்கட்கிழமை அங்கேயே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். ஐம்பொன் அம்மன் சிலையைக் காணவில்லை. மறுநாள் வாட்ச்மேன் ராசு பின்பக்கப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். நாலு நாளாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நினைவில்லை. இன்று காலையில் கண்ணகிதான் ஜீவாவுக்குப் போன் செய்தார்: "ராசு போயிட்டாரு சார்."

ராசுவின் மனைவி காசியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் ராசு எதுவும் பேசலையா மேடம்?" என்று கேட்டார் ஜீவா.

"ஒரு வார்த்தைகூடப் பேசல."

ஜீவா குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவ வெச்சிக்கினு சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கு..."

"சொல்லுங்க. அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

"செவ்வாக்கெழமை ராசு எங்கிட்ட வந்து அழுதான். சிலைக்கு ஆசப்பட்டு பிரிட்டோவ அடிச்சிட்டேன்னான். அப்புறம் பயத்துல பள்ளத்துல குதிச்சிட்டான்."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"உசுரோட இருக்கிறவனக் காட்டிக்குடுக்க மனசு வரல மேடம்."

காசியம்மாளின் விரல்கள் முந்தானையை முறுக்கின. தலை நிமிரவில்லை.

"வெறும் பேச்சை கோர்ட்டு ஏத்துக்காது. எதால அடிச்சாராம்? அது எங்க?"

ஜீவா தயங்கினார். கண்ணகியின் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"இரும்பு ராடு... பழைய ஜெனரேட்டர் ரூம்ல, சிமெண்டு மூட்டைக்கு அடியில ஒளிச்சி வெச்சிருக்கேன்னு சொன்னான். சிலையும் அங்கதானாம்."

கான்ஸ்டபிள் வெளியே ஓடினார். பத்து நிமிடம் கழிந்தது. திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டும் இருக்கு மேடம். ராடுல ரத்தக்கறைகூட அப்பிடியே ஒட்டிக்கினு கீது."

ஜீவா பெருமூச்சு விட்டார். காசியம்மாள் பக்கம் திரும்பினார். "மனசைத் தேத்திக்கோம்மா. இன்னா பண்றது, உன் புருசன் புத்தி அப்பிடிப் போயிடுச்சி."

காசியம்மாள் எழுந்தாள். ஜீவாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ்ளோதானே மேடம்? நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறேன். விடிகாலைல கண்ணு முழிச்சி, தள்ளிவுட்டது யாருன்னு உங்ககிட்ட சொன்னதோட சரி, அவுரு இன்னும் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கல."